அந்துப்பூச்சி எழும் காட்சி

விழுவது ஒரு தொழில். சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் விழுந்து விழுந்தே வீட்டு வாடகை கொடுத்து, அடுப்பு எரியவைத்து, கணவர் வேலையில்லாமல் இருந்த காலத்தில் அவரையும் தாங்கிப் பிடித்தவள் ரப்பர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் முதல் நாள் படப்பிடிப்பில் மாடியிலிருந்து அட்டைப்பெட்டிகளின் மேல் விழுந்துவிட்டு, பாவாடையைத் தட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்து சண்டை மாஸ்டர், "இது என்ன பொண்ணா, ரப்பரா?" என்று கேட்டுவைத்தார். சினிமாவில் ஒருவர் வைத்த பட்டப்பெயர் சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாது.

கதாநாயகிகளுக்கு டூப் போடுவதுதான் வேலை. மாடிப்படியில் உருள்வாள், கண்ணாடிச் சன்னலை உடைத்துக்கொண்டு வெளியே வருவாள், எரிகிற வண்டியிலிருந்து குதிப்பாள். டூப்பின் வேலை தரையோடு முடிந்துவிடும். அவள் விழுந்த அதே இடத்தில் கதாநாயகி வந்து ஜாக்கிரதையாகப் படுத்துக்கொள்வார். அவர் கன்னத்தில் அளவாகக் கொஞ்சம் புழுதி பூசுவார்கள். அவர் எழுந்திருப்பார், பின்னணி இசை எழும், கொட்டகையில் கைதட்டல் எழும். விழுந்தது ஒருத்தி, மீசையில் மண் ஒட்டாமல் எழுந்தது இன்னொருத்தி. இத்தனை வருஷத்தில் ரப்பர் எழுந்து நின்றதை ஒரு கேமராவும் பிடித்ததில்லை. அதைப் பற்றி அவள் வாய்விட்டுக் குறை சொன்னதும் இல்லை.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. விழுந்தவர் சற்று நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். பிறகு ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்ட வேண்டும். 'உயிரோடுதான் இருக்கிறேன், ஓடி வராதீர்கள்' என்று அதற்கு அர்த்தம். படத்தில் அது வராது, வெட்டிவிடுவார்கள். ஆனால் மாஸ்டரும் ஆம்புலன்ஸ்காரரும் அந்தக் கைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ரப்பரின் கை ஒருநாளும் தவறியதில்லை, ஒரு நாளைத் தவிர.

அது ஒரு சுழல் படிக்கட்டு. நூறு தடவை உருண்ட மாதிரித்தான் உருண்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ரப்பருக்குச் சறுக்கியது கடைசிப் படி. கீழே கிடந்து இடது கையைத் தூக்கப் பார்த்தாள். கை வரவில்லை. எல்லோரும் ஓடி வந்தார்கள். தோள்மூட்டு நொறுங்கியிருந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். வெகுநாள் வீட்டில் கிடந்தாள். கடைசியில் மருத்துவர், "சாதாரண வேலைக்கெல்லாம் குறை இருக்காதும்மா. காதுக்கு மேல மட்டும் கை போகாது" என்றார். காதுக்கு மேல் கை போகாத டூப்பை யார் கூப்பிடுவார்கள்? ஒருவரும் கூப்பிடவில்லை.

அன்று முதல் காலையில் படுக்கையை விட்டு எழுவதே அவளுக்கு ஒரு தனி வேலையானது. கணவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனிதர். மனைவி கண் விழிக்கும் நேரத்தில் கட்டிலின் இடது பக்கம் வந்து நிற்பார். அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டி வைத்துக்கொள்வார். தொடமாட்டார். ஆரம்பத்தில் ஒருமுறை தொட்டுத் தூக்கப் போய், அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். அதனால் கை காற்றில் நிற்கும், வாய் மட்டும், "மெதுவா, மெதுவா" என்று சொல்லும். "நானே எழுந்துக்குவேன்" என்பாள் அவள். தினமும் இதே பேச்சுதான்.

இப்படி இருந்தவளை ஒருநாள் அசைவு மாஸ்டர் போனில் கூப்பிட்டார். அவர் பழைய நடனக்காரர். இப்போது நடிகர்களுக்குக் குரங்கு எப்படி நடக்கும், பாம்பு எப்படித் திரும்பும் என்று சொல்லிக் கொடுக்கிறார்.

"ரப்பரு, ஒரு பூச்சி வேஷம் இருக்கு. பண்றியா?"

"எவ்வளவு பெரிய பூச்சி?"

"இறக்கையை விரிச்சா துறைமுகம் மறையும்."

பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் வந்த ராட்சத அந்துப்பூச்சி அது. அப்போது நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை. இறக்கை படபடத்தால் பொம்மைக் கட்டடங்களெல்லாம் சரியும். நூல் கண்ணுக்குத் தெரிகிறது என்று சின்ன வயதில் கொட்டகையே சிரித்தது ரப்பருக்கு நினைவிருந்தது. இப்போது ஒரு பெரிய கம்பெனி அதைத் தூசி தட்டி எடுத்து, ராட்சத மிருகங்களை வைத்து வரிசையாகப் படம் எடுக்கக் கிளம்பியிருந்தது. பூச்சியைக் கம்ப்யூட்டரில்தான் செய்வார்கள். ஆனால் அதன் உடம்பு அசைவதற்கு ஒரு மனித உடம்பு வேண்டும். படக்குழு அந்தப் பூச்சிக்கு 'பெரியவள்' என்று செல்லப்பெயர் வைத்திருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் தலையாட்டினார். அவர் தங்கைதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முன்னறையில் தையல் கடை நடத்துகிறவள் அவள். அண்ணியைச் சீண்டாமல் ஒரு பொத்தான்கூடத் தைக்கமாட்டாள்.

"அந்துப்பூச்சியா? அண்ணி, உலகத்துல எத்தனையோ மிருகம் இருக்கு. சிங்கம் இல்லயா, கரடி இல்லயா? நான் துணிக்கு நடுவுல பாச்சை உருண்டை போட்டு விரட்டுற ஜந்துதான் கிடைச்சுதா உங்களுக்கு?"

"பெரிய பூச்சிடி. ஊரையே காப்பாத்துமாம்."

"என் ஜாக்கெட் துணியக் காப்பாத்துமா, அதைச் சொல்லுங்க."

மறுநாள் ரப்பர் வேலைக்குக் கிளம்பியபோது பையில் இரண்டு பாச்சை உருண்டைகள் இருந்தன. நாத்தனார் கொடுத்த ஆசீர்வாதம் அது.

வேலை நடந்த இடம் ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்த பெரிய கூடம். இன்னும் ரப்பர் வாசனை அடித்தது. 'சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு' என்று அவளே சொல்லிச் சிரித்தாள். உடம்பை ஒட்டிய சாம்பல் நிற உடுப்பு, அதன்மேல் மூட்டுக்கு மூட்டு வெள்ளைக் குமிழ்கள். கைகளோடு சேர்த்து நீளமான மெல்லிய பிரம்புகளைக் கட்டினார்கள், அவைதான் இறக்கை. மேலே சுற்றிலும் கேமராக்கள் இருந்தன. அவள் கையை அசைத்தால், மூலையிலிருந்த திரையில் ஒரு கரடுமுரடான சாம்பல் பூச்சி இறக்கையை அசைத்தது. அவள் இன்னொரு தடவை அசைத்துப் பார்த்தாள்.

முதல் நாளே விழும் காட்சி. ஏவுகணை பட்டுப் பெரியவள் கடலோரத்தில் விழ வேண்டும். ரப்பர் மேடையிலிருந்து மெத்தையில் விழுந்தாள். எப்படி விழுந்தாளென்றால், கம்ப்யூட்டர் முன்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். அசையாமல் கிடந்தாள். இங்கே 'கட்' என்று கத்தும் வழக்கம் இல்லை, பதிவு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

திரையில், கடலோரத்தில் செத்துக் கிடந்த ராட்சதப் பூச்சி, ஒற்றை இறக்கை நுனியை மெல்லத் தூக்கி, 'எனக்கு ஒன்றுமில்லை' என்றது. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. ரப்பருக்குக் காது சூடாகிவிட்டது. கம்ப்யூட்டர்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவால்லக்கா, அதை அழிச்சிடலாம்" என்றார். அடுத்தடுத்த நாட்களிலும் அவள் விழுந்தாள், கை தூக்கினாள், அவர் அழித்தார். அந்தக் கையை அவளால் நிறுத்தவே முடியவில்லை.

போகப் போகப் பெரியவளோடு அவளுக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. வீட்டுக் குளியலறைச் சுவரில் உட்காரும் பூச்சியை நாத்தனார் விளக்குமாற்றோடு தேடி வந்தால், ரப்பர் குறுக்கே நின்றாள். கதையும் அவளுக்குப் பிடித்திருந்தது. விழுந்த பெரியவளைச் செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். ஊரை விட்டு ஜனங்கள் ஓடுகிறார்கள். அப்போது அது எழுந்திருக்கிறது. அந்த எழுச்சியை நம்பித்தான் மொத்தப் படமும் நின்றது. ரப்பர் அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள். 'ஒரு தடவையாவது எழுந்து நிற்கிறதையும் நானே செய்யப்போகிறேன்' என்று கணவரிடம் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் கூடத்தில் இருக்கும்போதே அடுத்த வார வேலைத்திட்டம் போனில் வந்தது. எழும் காட்சிக்கு நேராக ஒரு ஜிம்னாஸ்டிக் பெண் என்று போட்டிருந்தது.

ரப்பர் அதை இரண்டு தடவை படித்தாள். பட்ட காலிலே படும் என்று உட்கார்ந்து அழுகிற ரகம் அல்ல அவள். உடுப்பைக்கூட மாற்றாமல் நேரே டைரக்டர் அறைக்குப் போனாள். டைரக்டர் மரியாதையான இளைஞர், அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"சார், எந்திரிக்கிற சீன் எனக்கு இல்லயா?"

"அக்கா, நீங்க விழுற மாதிரி யாராலயும் விழ முடியாது. அது எப்பவும் உங்களுதுதான். ஆனா எந்திரிக்கும்போது ரெண்டு இறக்கையும் தலைக்கு மேல விரியணும். உங்க இடது கை..."

"காதுக்கு மேல போகாது."

"அதான்க்கா."

"சார், என் வயசுக்கு நான் விழாத இடம் இல்ல. எந்திரிச்சதெல்லாம் வேற யாரோ. இந்தப் பூச்சிக்கு மூஞ்சி கிடையாது, மேக்கப் கிடையாது. அழகான பொண்ணு வேணும்னு சொல்லவும் வழி இல்ல. இதுலயும் விழுறது நான், எந்திரிக்கிறது வேற ஆளுன்னா எப்படி சார்? ஒரே ஒரு டேக் குடுங்க. பிடிக்கலன்னா தூக்கிப் போட்டுடுங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

டைரக்டர் வேலைத்திட்டத்தை எடுத்து அதில் ஒரு வரி எழுதினார். பிறகு, "சனிக்கிழமை காலையில. அந்தப் பொண்ணுக்கு அப்புறம் உங்களுக்கு ஒண்ணு" என்றார்.

அந்த வாரம் வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் கப்பிக்குப் பஞ்சமா? கதவு நிலையில் ஒரு கப்பியை மாட்டச் சொன்னாள். கயிற்றின் ஒரு முனையை இடது மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை வலது கையால் இழுத்தாள். கை காதுவரை வந்தது. அதற்குமேல் மூட்டு பூட்டுப் போட்டுக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கண்ணில் நீர் கொட்டியது. மூன்றாம் நாள் இழுத்த இழுப்பில் தலை சுற்றிச் சுவரோடு சரிந்தாள். கணவர் ஸ்டூல் போட்டு ஏறிக் கப்பியைக் கழற்றினார்.

"எதுக்குக் கழட்டுறீங்க? மாட்டுங்க."

"கயிறு எவ்வளவு தாங்கும்னு பாக்குறதுதான் என் வேலை. இதுக்கு மேல இழுத்தா அறுந்துடும்."

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது."

"எனக்கு அந்தக் கை வேணும்" என்றார் அவர். ரப்பர் ஆத்திரத்தில் அழுதாள். கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அழுது முடிந்தபின் முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். நாத்தனாருக்கு அண்ணி அழுது பார்த்துப் பழக்கமில்லை. அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான், கேலி.

"இதுக்கு எதுக்கு அண்ணி பயிற்சி? தினம் காலையில நீங்க எந்திரிக்கிற கூத்தே ஒரு முழுப் படம் ஓடுமே" என்று சொல்லிவிட்டுத் துணி வெட்டும் மேஜைமேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். வலது பக்கமாகப் புரண்டாள். வலது முழங்கையை ஊன்றினாள். முழங்கால்களை மடக்கி இழுத்து, நெற்றியை மேஜையில் முட்டுக்கொடுத்து, பிட்டத்தை மேலே தூக்கினாள். இடது கையை மறந்துபோன சாமானைப் போல் கடைசியாகப் பின்னாலிருந்து இழுத்துச் சேர்த்துக்கொண்டாள். மண்டியிட்டபடி தோள் இரண்டையும் நடுங்கவிட்டாள், மூட்டு சூடாக ரப்பர் காலையில் செய்வது அதுதான். பிறகு மேஜையில் எழுந்து நின்று, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "நானே எழுந்துக்குவேன்" என்றாள்.

ரப்பர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை பண்ணு" என்றாள்.

"கோவமா அண்ணி?"

"இல்லடி. மறுபடி பண்ணு. மெதுவாப் பண்ணு."

தன் வாழ்நாளில் அவள் முதல்முறையாகத் தான் எழுந்திருப்பதைப் பார்த்தாள். பூச்சி பறப்பதற்கு முன்னால் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள நடுங்கும் என்று அசைவு மாஸ்டர் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அதை அவள் தினமும் செய்துகொண்டிருந்திருக்கிறாள். மேல் அலமாரியில் டப்பா எடுக்கும்போது என்ன செய்வோம் என்று யோசித்தாள். இடது கை ஏறாவிட்டால் மொத்த உடம்பையும் வலப்பக்கம் சாய்ப்பாள், கை தானாக உயரும். அன்று மாலை முழுவதும் அலமாரி முன்னால் நின்று டப்பாக்களை எடுத்து எடுத்து வைத்தாள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று நாத்தனாருக்கு ஒரு வாரம் தெரியாமல் போனது.

சனிக்கிழமை அந்த ஜிம்னாஸ்டிக் பெண் முதலில் செய்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. தரையிலிருந்து ஒரே மூச்சில் எழுந்தாள், இரண்டு இறக்கைகளும் தலைக்கு மேல் விரிந்து நின்றன. எல்லோரும் கைதட்டினார்கள், ரப்பரும் மனதாரத் தட்டினாள். அந்தப் பெண் இறங்கி வந்து அவளுக்குப் பிரம்பு கட்டிவிட்டாள். "எனக்கு எங்கயும் வலிக்கலக்கா. அதான் ஒரு மாதிரியா இருக்கு" என்று மெல்லச் சொன்னாள்.

ரப்பர் விழுந்தாள். அசையாமல் கிடந்தாள். வலது கை தானாக எழுந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, அவளும் அதைச் சும்மா இறக்கவில்லை. அந்தக் கையையே தரையில் ஊன்றினாள். புரண்டாள். நெற்றியைத் தரையில் வைத்தாள். பின்னால் கிடந்த இடது இறக்கையை இழுத்தபோது பிரம்பு தரையில் உரசும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மண்டியிட்டு நடுங்கினாள், வலி தோளிலிருந்து பல்வரை ஏறியது. நடுங்கிக்கொண்டே எழுந்தாள். உடம்பை வலப்பக்கம் சாய்த்து, சாய்த்து, இடது இறக்கையை அது போகிற உயரம்வரை கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு இறக்கைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஆனால் இரண்டும் நின்றன.

கைதட்டல் ஒன்றும் வரவில்லை. டைரக்டர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். அவள் தூக்கிய கையை அழிக்கக் கம்ப்யூட்டர்காரர் விரலைக் கொண்டுபோனபோது, "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். பிறகு ரப்பரிடம் வந்து, "ரெண்டையும் கம்பெனிக்கு அனுப்புறேன். எது நிக்கும்னு என்னால இப்ப சொல்ல முடியலக்கா" என்றார்.

"ஒரு டேக் கேட்டேன், குடுத்தீங்க. போதும் சார்" என்றாள் அவள். போதவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வாக்குக் கொடுத்திருந்ததால் அதற்குப் பிறகு யாரிடமும் அவள் கேட்கவில்லை. வேறு ஆட்கள், வேறு ஊர்களில், மாதக்கணக்கில் படத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். அவள் தினமும் காலையில் எழுந்துகொண்டிருந்தாள்.

படம் வெளியான வாரம் மூவரும் பகல் காட்சிக்குப் போனார்கள். நாத்தனார் புடவைக்கு இஸ்திரி போட்டிருந்தாள், அதில் பாச்சை உருண்டை வாசனை. பெரியவள் திரையில் வந்தபோது ரப்பருக்கு அடையாளமே தெரியவில்லை. பழுப்பும் பொன்னுமாக மயிர் அடர்ந்த உடம்பு, கண் வைத்தாற்போல் வட்டம் பதிந்த இறக்கைகள், அசைந்தால் உதிர்கிற பொடி. 'இதற்குள் நான் எங்கே இருக்கிறேன்' என்று தேடிக்கொண்டே இருந்தாள். ஏவுகணை பாய்ந்தது. பெரியவள் விழுந்தது. விழுந்தது தன் விழுதல்தான் என்பது இடுப்பு வளைந்த விதத்தில் தெரிந்தது. அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு மேல்தான் தெரியாது.

கடலோரம் அமைதியாகக் கிடந்தது. திரையில் ஒருவர் அழுதார். புகை விலகியது. ஒன்றும் அசையவில்லை. வெகுநேரம் அசையவில்லை. பிறகு ஒற்றை இறக்கையின் நுனி மெல்ல மேலே எழுந்தது. கொட்டகையில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

பெரியவள் வலப்பக்கம் புரண்டது. நெற்றியை மண்ணில் வைத்தது.

ரப்பரின் பக்கத்தில் ஏதோ அசைந்தது. கணவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். அவருடைய கை தானாக இருட்டில் நீண்டு, முன்வரிசைக்காரரின் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அந்த மனிதர் திரும்பிப் பார்த்து முறைத்தார். கணவருக்கு அது தெரியவில்லை. திரையில் அந்தப் பிரமாண்டமான பூச்சி பின்னால் கிடந்த இடது இறக்கையை இழுத்துச் சேர்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது.

"மெதுவா" என்றார் அவர். "மெதுவா, மெதுவா."

"நானே எழுந்துக்குவேன்" என்றாள் ரப்பர்.